பெட்டி வாங்கும் முன் வளையத்தைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணா. என்னுடையது இரண்டு வருடம் ஓடிய ஒற்றை சிலிண்டர் பைக், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். போன மாதம் பெண்ட் பைப்போடு சேர்ந்த முழு செட் சைலன்சர் வாங்கி, நண்பனைக் கூட வைத்துக்கொண்டு நானே மாட்டினேன். கம்பெனி பைப்பை விட இது தடிமன். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இதில் கிடையாது. ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிப் புது பைப்பில் மாட்டிவிட்டோம். இப்போது ஆக்சிலரேட்டரை விட்டால் பின்னால் பட் பட்டென்று வெடிக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் முன்பக்கம் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம். ஐந்து நிமிடத்தில் தானாகப் போய்விடுகிறது. கீழ் ஆர்பிஎம்மில் பழைய இழுவை இல்லை. மைலேஜும் குறைந்துவிட்டது. “பேக் பிரஷர் போச்சு, வண்டி லீனா ஓடுது, ட்யூனிங் பாக்ஸ் போட்டு பெட்ரோலைக் கூட்டு, டிபி கில்லரையும் கழட்டிடு” என்கிறான் நண்பன். எந்த பாக்ஸ் வாங்கலாம்? பழைய சைலன்சரை விற்றுவிடலாமா?

பதில்:

தம்பி, பாக்ஸ் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதில் உங்களுக்கே முக்கியமாகப் படாத ஒரு வரிதான் எனக்கு முக்கியம். காலையில் டிக் டிக், ஐந்து நிமிடத்தில் காணோம் என்கிறீர்களே, அது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கேட்டு, சூடானதும் அடங்கும் டிக் டிக் பெரும்பாலும் இன்ஜின் ஹெட்டும், அதிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப்பும் சேருகிற இடத்தில் புகை கசியும் சத்தம். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்கிறது, சத்தம் நின்றுவிடுகிறது. ஆனால் கசிவு முழுதாக நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

இதை டாப்பெட் சத்தம், அதாவது வால்வு இடைவெளி கூடியதால் வரும் சத்தம், என்று நினைத்துக்கொண்டு ஹெட் கவரைத் திறப்பவர்கள் நிறைய. வேலை கற்றுக்கொண்டிருந்த காலத்தில் நானும் திறந்திருக்கிறேன். ஒரு வண்டிக்கு சைலன்சர் மாற்றிக் கொடுத்தேன். மறுநாளே டிக் டிக் என்று திரும்பி வந்தது. டாப்பெட் அட்ஜஸ்ட் செய்தேன், போகவில்லை. இரண்டாவது முறையும் செய்தேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பைப்பைக் கழற்றச் சொல்லி, ஹெட்டில் புகை வெளியேறும் ஓட்டையான போர்ட்டுக்குள் விரல் விட்டுத் தடவிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “உள்ளே வளையம் ஒண்ணா, ரெண்டா?”

இரண்டு இருந்தது. பழையதை எடுக்காமலே அதன் மேல் புதியதை வைத்து இறுக்கியிருக்கிறேன்.

உங்களுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் தாமிரத்திலோ கிராஃபைட்டிலோ செய்த ஒரு வளையம் உட்கார்ந்திருக்கும், அதுதான் கேஸ்கெட். ஒரு தடவை நசுங்கி உட்கார்ந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. பைப்பைக் கழற்றினால் புதியதுதான் போட வேண்டும். சிக்கல் என்னவென்றால், இரண்டு வருடம் கரி படிந்த பிறகு அந்தப் பழைய வளையம் வளையமாகவே தெரியாது. ஹெட்டோடு ஹெட்டாக, அலுமினியத்தின் ஓரம் மாதிரியே கறுப்பாக இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தாலும் கண் ஏமாறும். இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது நகத்தை வைத்து உள்சுவரோடு இழுத்துப் பாருங்கள். ஒரு படி தட்டுப்பட்டால் அதுதான் பழைய வளையம். முனை வளைந்த சின்னக் கொக்கியால் உள்பக்கமிருந்து மெதுவாக நெம்பினால் வரும். வளையம் உட்காரும் அலுமினியத் தளத்தில் கீறல் விழக் கூடாது. விழுந்தால் எத்தனை புது வளையம் போட்டாலும் கசியும்.

கழற்றுவதற்கு முன் கசிவை உறுதிசெய்துகொள்ளலாம். குளிர்ந்த இன்ஜினில் சோப்புத் தண்ணீரை ஹெட் ஜாயின்ட்டைச் சுற்றித் தெளித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சூடாகித் தண்ணீர் காய்வதற்குள் குமிழி எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். அல்லது ஒரு ஆளைத் தடித்த துணியை மடித்து சைலன்சர் வாயை ஓரிரு நொடி மட்டும் அடைக்கச் சொல்லிவிட்டு நீங்கள் முன்னால் காதை வையுங்கள். கசிந்தால் உஸ்ஸென்று சத்தம் கூடும். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள், கதவு சாத்திய ஷெட்டுக்குள் வேண்டாம். பைப் ஏற்கெனவே கழன்றிருந்தால் சோதனையே தேவையில்லை. பைப்பை ஹெட்டோடு சேர்த்து இறுக்கும் தட்டான ஃபிளேஞ்சின் ஒரு பக்கம் மட்டும் கரி விசிறி மாதிரி படிந்திருந்தால், அந்த வழியாகத்தான் புகை போயிருக்கிறது.

சரி, டிக் டிக்குக்கும் மைலேஜுக்கும் என்ன சம்பந்தம்? இங்கேதான் உங்கள் நண்பர் சொல்வது தலைகீழாகிறது. எக்ஸாஸ்ட் புகை ஒரே ஓட்டமாக ஓடுவதில்லை, அடி அடியாக வருகிறது. ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் ஓடினால் நொடிக்கு 25 தடவை இப்படி அடிக்கும். ஒவ்வொரு அடியும் கடந்து போன கையோடு பின்னால் ஒரு வெற்றிழுப்பு உண்டாகும். கசிவு இருக்கும் இடத்தில் அடி வரும்போது புகை வெளியே போகிறது, இழுப்பு வரும்போது வெளிக்காற்று உள்ளே வருகிறது. அந்தக் காற்று நேரே போய் ஆக்சிஜன் சென்சாரைத் தொடுகிறது. சென்சாருக்கு அது பெட்ரோலோடு எரிந்து மிஞ்சிய காற்றா, ஓட்டை வழியாக வந்த காற்றா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆக்சிஜன் அதிகம், கலவை லீன், அதாவது பெட்ரோல் குறைவு என்று, பெட்ரோல் அளவை முடிவு செய்யும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குத் தகவல் போகிறது. ஈசியூ பெட்ரோலைக் கூட்டுகிறது. ஆக, வண்டி லீனாக ஓடவில்லை. லீன் என்று நம்ப வைக்கப்பட்டு ரிச்சாக, அதாவது பெட்ரோல் அதிகமாகி ஓடிக்கொண்டிருக்கிறது. மைலேஜ் போனதற்கு இது ஒன்றே போதும். ஆக்சிலரேட்டரை விடும்போது, எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் சூடான பைப்பில் ஓட்டை வழியாக வந்த காற்றைச் சந்திக்கிறது. பட் பட்.

இதற்கு மேல் பாக்ஸ் போட்டு இன்னும் பெட்ரோலைக் கூட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பாதி உண்மை தெரிந்துவிடும். கறுப்பாக மை பூசியதுபோல் கரி படிந்திருந்தால் நான் சொன்னது. வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி இருந்தால் உங்கள் நண்பர் சொன்னது.

கசிவு எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்சாருக்கு முன்னால், அதாவது ஹெட் பக்கம் கசிந்தால்தான் ஈசியூ ஏமாறும். சென்சாரைத் தாண்டி, பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேரும் கிளாம்பில் கசிந்தால் பெரும்பாலும் சத்தமும் வெடியும்தான், பெட்ரோல் கணக்கு அவ்வளவாகக் கெடாது.

மாட்டும் முறைக்கு வருகிறேன். இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். பழைய நட்டுகள் சூட்டில் வெந்து துருவோடு பிடித்திருக்கும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். ஸ்பேனரைப் போட்டதும் கழற்றும் பக்கம் முழு பலத்தைக் காட்டாதீர்கள். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு, அப்புறம் கழற்றும் பக்கம் கால் சுற்று, மறுபடி இறுக்கும் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். கிர்ரென்று வரும் வரை கவலையில்லை. சத்தமே இல்லாமல் ரப்பர் மாதிரி வளைந்து கொடுத்தால் கையை எடுத்துவிடுங்கள், உள்ளே ஸ்டட், அதாவது ஹெட்டில் பதிந்திருக்கும் மரைக்கம்பி, முறுக்கிக்கொண்டிருக்கிறது. அது ஹெட்டோடு சமமாக உடைந்தால் சைலன்சர் மாற்றும் வேலை ஹெட்டை இறக்கும் வேலையாகிவிடும்.

புது வளையம் கீழே விழாமல் நிற்க ஒரு பொட்டு கிரீஸ் போதும். எல்லா நட்டையும் போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் போடுங்கள்: ஹெட்டில், கிளாம்பில், பின்னால் ஃபிரேமில் தொங்கும் பிராக்கெட்டில். பைப் எங்கும் முட்டாமல், எதையும் இழுக்காமல் தானாக ஒரு இடத்தில் உட்காரட்டும். பிராக்கெட் ஓட்டையில் போல்ட்டை நெம்பி நுழைக்க வேண்டியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த நெம்புதல் முழுவதும் நாளைக்கு ஹெட் ஸ்டட் மேல்தான் ஏறும். உட்கார்ந்த பிறகு முதலில் ஹெட் நட்டுகள். இரண்டு நட்டையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், ஃபிளேஞ்ச் சாயாமல் சமமாக வர வேண்டும். அப்புறம் கிளாம்ப். கடைசியில் பிராக்கெட். பலர் இதைப் பின்னாலிருந்து முன்னால் செய்கிறார்கள், சைலன்சரை யாராவது தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாமே என்ற சௌகரியத்துக்காக. அப்போது பிராக்கெட் சொல்லும் கோணத்தில் ஃபிளேஞ்ச் சாய்ந்து உட்காரும், வளையத்தின் ஒரு பக்கம் மட்டும் நசுங்கும்.

எவ்வளவு இறுக்கம் என்பது உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அதுதான் கணக்கு. பொதுவாக 6 மி.மீ. ஸ்டட் என்றால் 10 நியூட்டன் மீட்டர் பக்கம், 8 மி.மீ. என்றால் 20 பக்கம் வரும். கை நினைப்பதைவிட இது குறைவு. டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் ஒருவரிடம் வாங்கியாவது செய்யுங்கள். பத்து நிமிடம் ஓட்டி, முழுதாக ஆறவிட்டு, மறுபடி ஒரு தடவை பாருங்கள். வளையம் சூட்டில் இன்னும் கொஞ்சம் நசுங்கியிருக்கும், நட்டு அநேகமாகக் கால் சுற்று வாங்கும்.

ஜாயின்ட்டில் சிலிகான் பசை தடவினீர்களா? தடவியிருந்தால் சுரண்டி எடுங்கள். சாதாரண சிலிகான் பசையிலிருந்து கிளம்பும் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுத்துவிடும். சென்சாரின் மரையில், மரை சூட்டில் பிடித்துக்கொள்ளாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசை தடவலாம், அதன் முனையில் ஒரு துளிகூடப் படக் கூடாது. சென்சார் ஒயரைப் பாருங்கள். கனெக்டரைக் கழற்றாமலே சென்சாரைத் திருகியிருந்தால் ஒயர் உள்ளே முறுக்கிக்கொண்டு அறுந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. புது பைப்பில் சென்சார் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். ஒன்றிரண்டு ஒயர் மட்டும் உள்ள சென்சார் பெரும்பாலும் ஹீட்டர் இல்லாதது. சுமார் 300 டிகிரி சூடு ஏறினால்தான் வேலை செய்யும். ஹெட்டிலிருந்து தள்ளி வைத்துவிட்டால் விழித்துக்கொள்ள நேரமாகும்.

இதையெல்லாம் சரி செய்த பிறகும் போகாத ஒன்று இருக்கும். கீழ் இழுவை. அது வளையத்தால் வந்ததில்லை, பைப்பின் தடிமனால் வந்தது.

பேக் பிரஷர் என்ற பேச்சை நான் கேட்காத வாரமில்லை. இன்ஜினுக்குப் பின்னழுத்தம் எதற்கும் தேவையில்லை. தேவைப்படுவது புகையின் வேகம். நான் சொன்ன அந்த வெற்றிழுப்பு நினைவிருக்கிறதா? எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்கு முன்பே இன்டேக் வால்வு திறக்க ஆரம்பித்துவிடும். அந்தச் சின்ன இடைவேளையில் போகிற புகை தன் பின்னால் விடும் இழுப்பு, புதுக் கலவையையும் சிலிண்டருக்குள் கையைப் பிடித்து இழுத்து வருகிறது. பைப் குறுகலாக இருந்தால் குறைந்த ஆர்பிஎம்மிலும் புகை வேகமாகப் போகும், இழுப்பு நன்றாக இருக்கும். ஆனால் ஆர்பிஎம் ஏறினால் மூச்சு முட்டும். பைப் தடிமனாக இருந்தால் மேலே தாராளம், கீழே புகை சோம்பிவிடும். கம்பெனிக்காரர்கள் நீங்கள் தினமும் ஓட்டும் ஆர்பிஎம்முக்குக் கணக்குப் பார்த்துப் பைப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் வாங்கியது ஆர்பிஎம் உச்சமான ரெட்லைன் பக்கமே சுற்றுகிறவனுக்கு. கீழே இழந்ததைப் பார்த்துவிட்டு ‘அழுத்தம் போச்சு’ என்கிறார்கள், போனது வேகம்.

பைப்பில் அழுத்தம் திரும்பி வந்து நன்மை செய்வது இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில். அங்கே விரிந்து குறுகும் பைப்பிலிருந்து எதிரொலித்து வரும் அலை, வெளியே நழுவப் பார்க்கும் கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளும். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் பைக் கம்பெனியின் ரேஸ் பிரிவில் வால்டர் காடன் 1950களில் இதை வளர்த்தெடுத்தார். அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் தப்பி மேற்கே வந்து, இந்த நுட்பத்தோடு சுசுகியில் சேர்ந்தார். மறு வருடமே சுசுகிக்கு 50 சிசி உலகப் பட்டம். ஒரு பைப்பின் வடிவத்துக்கு அவ்வளவு மதிப்பு. அந்தக் காலத்துப் பேச்சு அப்படியே நான்கு ஸ்ட்ரோக்குக்கும் ஒட்டிக்கொண்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

உங்கள் வண்டிக்கு என் யோசனை: கம்பெனி பெண்ட் பைப்பை, கேட்டலிடிக் கன்வெர்ட்டரோடு, திருப்பி மாட்டுங்கள். அதன் முனையில் செருகி மாட்டும் ஸ்லிப் ஆன் சைலன்சர் மட்டும் வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியில் கன்வெர்ட்டர் சைலன்சருக்குள்ளேயே இருந்தால் இந்த வழி கிடையாது, பழைய முழு செட்தான். பவர் கூடுமா என்றால், உங்களுடையது மாதிரி ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் ஸ்லிப் ஆன் தருவது உங்கள் இடுப்புக்குத் தெரியாத அளவுதான். எடை இரண்டு மூன்று கிலோ குறையலாம், அது நிஜம். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாமல் சாலையில் ஓட்டுவது பல நாடுகளில் சட்டப்படி தப்பு. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் குறைப்பது அதுதான். புகைப் பரிசோதனையில் வண்டி மாட்டக்கூடும்.

இல்லை, முழு செட்டைத்தான் ரேஸ் டிராக்கில் ஓட்டப்போகிறேன் என்றால், அப்போது ட்யூனிங் பற்றிப் பேசலாம். சீராக ஓடும்போது ஈசியூ சென்சாரைக் கேட்டுக் காற்று பெட்ரோல் விகிதத்தை 14.7-க்கு ஒன்று என்ற பக்கத்தில் பிடித்துவைக்கும். முழு ஆக்சிலரேட்டரில் அது சென்சாரைக் கேட்பதில்லை, தன் பழைய அட்டவணைப்படி ஊற்றும். பைப் தாராளமாகிவிட்டால் அங்கேதான் லீன் ஆகும் அபாயம். அதற்கு வண்டியை நிறுத்தியபடியே ஓட்டி பவரை அளக்கும் டைனோவில் ஏற்றி, கலவை விகிதத்தைத் துல்லியமாகக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் வைத்து மேப், அதாவது புது பெட்ரோல் அட்டவணை, போட வேண்டும். சென்சார் ஒயரில் செருகும் சின்ன டப்பாக்கள் ஈசியூவிடம் பொய் சொல்லும் டப்பாக்கள். பொய் சொல்ல உங்களிடம் ஏற்கெனவே ஒரு ஓட்டை இருக்கிறது.

கசிவு போன பிறகும் இறக்கத்தில் லேசாக ஓரிரு பட் கேட்டால் பயப்பட வேண்டாம். எக்ஸாஸ்ட்டுக்குள் வெளிக்காற்றைச் செலுத்தும் செகண்டரி ஏர் அமைப்பு சில வண்டிகளில் கம்பெனியிலிருந்தே இருக்கும். பழைய சைலன்சர் அந்தச் சத்தத்தை விழுங்கிக்கொண்டிருந்தது, புதியது வெளியே விடுகிறது, அவ்வளவுதான்.

டிபி கில்லரை, அதாவது சைலன்சர் வாயில் சத்தத்தைக் குறைக்கச் செருகியிருக்கும் குழாயை, கழற்றாதீர்கள். பவருக்காக என்று நண்பர் சொன்னால், சத்தம் கேட்டதும் வேகம் கூடினதுபோல் தோன்றுவது மனுஷ காது செய்யும் வேலை. டெசிபல் கணக்கு கூட்டல் கணக்கில்லை: 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு, 10 கூடினால் காதுக்கே இரண்டு மடங்கு போலக் கேட்கும். நின்ற நிலையில் சோதிக்கும்போது மைக்கை சைலன்சர் வாயிலிருந்து 50 செ.மீ. தூரத்தில், 45 டிகிரி சாய்வில் வைத்து, உச்ச பவர் தரும் ஆர்பிஎம்மில் பாதிக்கு இன்ஜினை ஏற்றி அளப்பார்கள். அந்த உச்சம் 5000-ஐத் தாண்டாத வண்டிக்கு முக்கால். கில்லர் இல்லாமல் அங்கே நிற்பது வீண் வேலை. ஸ்லிப் ஆன் வாங்கும்போதும் உடலில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்தும் எண்ணும் இருந்தால் ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைய விதிப்படி ஒப்புதல் பெற்றது. ரேஸுக்கு மட்டும், சாலைக்கு அல்ல என்று எழுதியிருந்தால் விற்பவர் வாய் என்ன சொன்னாலும் எழுத்துதான் உண்மை.

இன்னொன்று. உங்கள் வண்டியில் சென்டர் ஸ்டாண்ட் இருக்கிறதா? பல வண்டிகளில் ஸ்டாண்டை மடக்கும்போது அது போய்த் தட்டி நிற்கும் ரப்பர், கம்பெனி சைலன்சரின் அடியில்தான் இருக்கும். சைலன்சரை மாற்றினால் ரப்பரும் போய்விடும். ஸ்டாண்ட் நேரே செயினிலோ ஸ்விங் ஆர்மிலோ போய் இடிக்கும். ஒரு ஆளைப் பின்னால் உட்காரவைத்து, சஸ்பென்ஷன் இறங்கியிருக்கும்போது சைலன்சருக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவே விரல் போகிறதா, பின் பிரேக் குழாய் பைப்பைத் தொடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் பைப் என்றால் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். கைரேகை சூட்டில் வெந்து அப்படியே பதிந்துவிடும், பிறகு எளிதில் போகாது.

கடைசிக் கேள்வி, பழைய சைலன்சர். விற்காதீர்கள். வாரண்டி கேட்டுப் போனாலும், புகைப் பரிசோதனைக்குப் போனாலும், வண்டியையே விற்றாலும் அதைத்தான் கேட்பார்கள். முழு செட்டையே திருப்பி மாட்ட நேர்ந்தாலும் அது கையில் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, சென்சார் ஓட்டையில் ஒரு போல்ட், இரண்டு வாயிலும் துணி வைத்துக் கட்டி, தரையில் படாமல் வையுங்கள். திருப்பி மாட்டும் நாளில் அந்தத் துணியை முதலில் எடுங்கள். சைலன்சருக்குள் துணியோடு ஸ்டார்ட் ஆகாத வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.